மாரிக்குப் பிறகு டிஃபரன்ஷியல் ஒயில் மாற்றும் முறை

வன்னியில் குளங்கள் வான் பாயும் கார்த்திகை, மார்கழி மாதங்களில், வீதியை மேவிய வெள்ளத்துக்குள் இறங்கி ஏறிய வாகனத்தின் டிஃபரன்ஷியல் (இயந்திரத்தின் உந்துவிசையை இரு சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) ஒயிலை, கிலோமீற்றர் கணக்கைப் பாராமல் உடனே சோதிப்பது நல்லது. ஓடிச் சூடேறிய பின்னர், டிஃபரன்ஷியல் அமைந்துள்ள அச்சு நீருக்குள் திடீரெனக் குளிரும்போது உள்ளேயிருக்கும் காற்று சுருங்குகிறது. அச்சின் மேலுள்ள பிறீதர் எனும் காற்றுப்போக்கி சேற்றினால் அடைபட்டிருந்தால், அந்த இழுவை ஒயில் சீல்களின் ஊடாக நீரை உள்ளே கொண்டுவந்துவிடும்.

இங்கே சொல்லப்படுவது ஹைஏஸ், ஹைலக்ஸ், பொலேரோ போன்ற, பின் சில்லுகளால் உந்தப்படும் வாகனங்களுக்கே பொருந்தும். வகன் ஆர் போன்ற முன் சில்லு உந்துகைக் கார்களில் டிஃபரன்ஷியல் கியர்பெட்டியோடு சேர்ந்தே இருப்பதால், அவற்றுக்கு இந்த வேலை தனியாக இல்லை.

ஒயிலின் வகையையும் அளவையும் வாகனத்தின் கையேட்டில் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் ஜிஎல்-5 தரத்திலான 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-90 கியர் ஒயில் கேட்கப்படும். ஒரு சில்லு மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியலுக்கு அதற்குரிய ஒயிலே வேண்டும். ஒயில் நிரப்பும் மேல் பிளக், வடிக்கும் கீழ்ப் பிளக் ஆகிய இரண்டுக்கும் புதிய வாசர்கள், அளவான சொக்கெற், ஒயில் ஏற்றும் கைப்பம்பி, பழைய ஒயிலை ஏந்த அகன்ற பாத்திரம் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள்.

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் ஒயில் இளகி எளிதில் வடியும். வாகனத்தைச் சமதரையில் நிறுத்துங்கள். உயரமான பிக்கப் என்றால் ஜக் வைக்காமலே கீழே நுழையலாம், அதுவே பாதுகாப்பானது. உயர்த்தித்தான் ஆகவேண்டுமென்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவ்வகை வாகனங்களில் கைப்பிரேக்கும் கியரும் பொதுவாகப் பின் சில்லுகளையே பிடிக்கின்றன என்பதால், அவை தரையைவிட்டு எழும்பியதும் வாகனத்தைப் பிடித்து நிறுத்த எதுவுமிராது. ஆகவே முன் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைத்த பின்னரே உயர்த்துங்கள். நமது மணல் முற்றங்களில் ஜக் புதையும்; அடியில் தடித்த பலகை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே படுக்கக்கூடாது. பாரம் தாங்கும் ஸ்ராண்டுகள் கட்டாயம் வேண்டும்.

முதலில் மேலுள்ள நிரப்பும் பிளக்கைக் கழற்றுங்கள். இந்த ஒழுங்கை மாற்றவே கூடாது. ஒயிலை வடித்துவிட்ட பின்னர் மேல் பிளக் துருப்பிடித்து இறுகியிருப்பது தெரியவந்தால், நிரப்ப வழியின்றி வாகனம் முற்றத்திலேயே நின்றுவிடும். மேல் பிளக் திறந்த பின்னர் பாத்திரத்தை வைத்துக் கீழ்ப் பிளக்கைக் கழற்றுங்கள்.

வடிந்த ஒயிலைப் பாருங்கள். கறுத்திருப்பது வழமையே. பால் தேநீர் போல் கலங்கியிருந்தால் நீர் புகுந்துள்ளது. அப்படியானால் புதிய ஒயில் ஊற்றிச் சில நாட்கள் ஓடியபின் மறுபடியும் திறந்து பார்த்து, கலங்கல் இருந்தால் மீண்டும் மாற்ற வேண்டும். பிளக்கின் காந்தத்தில் நுண்ணிய இரும்புப் பசை ஒட்டியிருப்பதற்குப் பயப்படத் தேவையில்லை. கையில் தட்டுப்படும் துண்டுகள் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

காந்தத்தைத் துடைத்து, புதிய வாசருடன் கீழ்ப் பிளக்கைப் பூட்டுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் புரி அழிந்துவிடும். பிறகு மேல் துவாரத்தின் வழியாக, அதன் கீழ் விளிம்பில் ஒயில் வந்து வழியத் தொடங்கும்வரை பம்பியால் ஏற்றி, வழிவது நின்றதும் மூடுங்கள். வாகனம் சரிந்திருந்தால் இந்த மட்டம் பிழைக்கும் என்பதால், உயர்த்தியிருந்தால் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும்.

பிறீதரையும் இப்போதே கழுவி, காற்றுப் போகிறதா எனப் பாருங்கள். அடைப்போடு விட்டால் அடுத்த வெள்ளத்தில் இதே வேலை மீண்டும் வரும். பழைய ஒயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், கானில் அடைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுங்கள். சிறிது தூரம் ஓட்டிவந்து, இரண்டு பிளக்குகளையும் உலர்ந்த சீலையால் துடைத்துக் கசிவு உண்டா எனப் பாருங்கள். மறுநாள் காலையிலும் ஒருமுறை பாருங்கள்.