பழைய ஹெலியைத் திருத்துவதா, ஓய்வு கொடுப்பதா? மேசையில் வைத்தே முடிவெடுக்கலாம்

மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலையில் ஹெலி பறக்க விடுகிறவர்களுக்கு மேசை வேலைதான். ஐப்பசி பிறந்ததும் மைதானம் ஊறிப்போய்விடும், வாடைக்காற்றும் சும்மா இருக்காது. அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கிற பழைய ரிமோட் ஹெலிகொப்டரை இறக்கிப் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது.

போன மாரியில் சித்தியின் மகன் உப்புவெளியிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தான். கனடாவில் இருக்கும் மாமா பல வருடங்களுக்கு முன் கொண்டுவந்து கொடுத்த 450 ரக ஹெலி. கடலோர வீட்டில் ஆறு வருடம் தொங்கியிருக்கிறது.

"அண்ணா, இது இனிச் சரிவருமா? இல்லாட்டி இதை விட்டிட்டுப் புதுசுக்குக் காசு சேர்க்கட்டோ?"

அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. ஏனென்றால் ஹெலி முழுவதும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. சுழலும் இரும்பு ஒரு பக்கம் தேயும், மின்சாமான் இன்னொரு பக்கம் கெடும், பற்றரி பறக்காமல் இருந்தே சாகும். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து, கடைசியில்தான் கணக்குப் போட வேண்டும். அவனும் நானும் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

நான் சொல்வது 325 மில்லிமீற்றர் பிளேட்டும் மூன்று செல் 2200 எம்ஏஎச் பற்றரியும் போடும் 450 ரகத்துக்கு. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விசிறி சுற்றும் சின்ன விளையாட்டு ஹெலி என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். மோட்டார் போய்விட்டால் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

தேவையான சாமான்: அலன் கீ, மல்டிமீற்றர், ஒரு கண்ணாடித் துண்டு, ஆணிகளைப் பிரித்துப் போட நாலைந்து கிண்ணம், கொப்பி, பேனை.

முதல் படி: மோட்டாரின் வயரைக் கழற்றுங்கள்

வேறு எதையும் தொடுவதற்கு முன் இது. மோட்டாரிலிருந்து, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கன்ட்ரோலருக்குப் போகும் மூன்று வயரையும் கழற்றி, பிளேட் இரண்டையும் எடுத்துவிடுங்கள். 450 ரகத்தின் விசிறி நுனிக்கு நுனி ஏறக்குறைய 70 சென்ரிமீற்றர். நிமிடத்துக்கு 2500 சுற்று என்று வைத்துக்கொண்டால் பிளேட்டின் நுனி மணிக்கு 330 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. வீட்டுக்குள் சோதிக்கும்போது, ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவர் ஒருமுறை பிசகினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பிளேட்டை வேறு அறையில் வையுங்கள்.

இரண்டாம் படி: ஷாஃப்ட் இரண்டையும் கண்ணாடியில் உருட்டுங்கள்

முடிவின் பாதி இங்கேதான் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம்.

விசிறித் தலையில் இரண்டு பிளேட் கிரிப்பையும் குறுக்கே இணைக்கும் சின்னக் கம்பிக்கு ஃபெதரிங் ஷாஃப்ட் என்று பெயர். விழுந்த ஹெலியில் முதலில் வளைவது அதுதான். இரு முனையிலும் உள்ள ஆணியைக் கழற்றினால் உருவி எடுக்கலாம். கழற்றும்போது கிரிப்புக்குள் இருக்கும் த்ரஸ்ட் பெயாரிங்கை ஃபோனில் படம் பிடித்து வையுங்கள். அதன் இரண்டு வாஷரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஓட்டையின் அளவு வேறு. மாற்றிப் போட்டால் கிரிப் இறுகிவிடும்.

கம்பியைத் துடைத்துக் கண்ணாடியில் வைத்து, பின்னால் வெளிச்சம் வரும்படி, கண்ணைக் கண்ணாடி மட்டத்துக்கு இறக்கிக்கொண்டு விரலால் மெதுவாக உருட்டுங்கள். நேரான கம்பி 'சர்ர்' என்று ஒரே சீராகப் போகும். கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவே எதுவும் தெரியாது. தம்பியுடையதை உருட்டியபோது நடுவில் நூல் மாதிரி ஒரு வெளிச்சம் திறந்து மூடியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'. அவன் கன்னத்தை மேசையோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவ்வளவு சின்ன வளைவோ?" என்றான். அந்தச் சின்ன வளைவுதான் ஹெலி முழுவதையும் நடுங்க வைக்கும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள். பிறகு விசிறித் தலையைத் தாங்கிச் சுற்றும் நிமிர்ந்த கம்பியான மெயின் ஷாஃப்ட்டையும் இதே மாதிரி உருட்டுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் தலைகீழாகச் செய்து காசைக் கரைத்தவன். சில வருடங்களுக்கு முன் என்னுடைய ஹெலிக்கு ஃபிளைபார்லெஸ் கைரோ வாங்கிப் பூட்டினேன். ஃபிளைபார் என்பது தலையில் குறுக்கே நின்று, இரண்டு துடுப்போடு சுற்றி, ஹெலியைத் தடுமாறாமல் பிடிக்கும் தண்டு. ஃபிளைபார்லெஸ்ஸில் அது கிடையாது. மூன்று அச்சிலும் அசைவை உணரும் கைரோ அந்த வேலையைச் செய்யும். ஆனால் அது காற்றின் தள்ளலோடு சேர்த்து அதிர்வையும் உணர்கிறது. என் மெயின் ஷாஃப்ட் வளைந்திருந்ததால் கைரோ இல்லாத அசைவையெல்லாம் திருத்தப் பார்த்தது. பிளேட்டின் கோணத்தை மாற்றும் குட்டி மோட்டார்களான சேர்வோக்கள் முனகின, ஹெலி ஒரு பக்கமாக நழுவியது. மூன்று வாரம் செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஷாஃப்ட்டை ஒருநாளும் உருட்டிப் பார்க்கவில்லை. ஆகவே ஷாஃப்ட் நேராகும்வரை எந்த மேம்படுத்தலுக்கும் ஒரு சதம் செலவழிக்காதீர்கள்.

மூன்றாம் படி: சுழலும் மற்றவை

மெயின் கியரைப் பல் பல்லாகப் பாருங்கள். ஒரு பல் உடைந்திருந்தாலும் கியர் மாற்ற வேண்டும், விலை அதிகமில்லை. அதற்கு நடுவே இருப்பது ஒன்-வே பெயாரிங். ஒரு திசையில் திருப்பினால் பிடிக்க வேண்டும், மறு திசையில் வழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் வழுக்கினால் ஆகாயத்தில் விசிறிக்கு வலு போகாது. பெயாரிங்குகளை விரல் நுனியில் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவதுபோல ஒரு நெறுநெறுப்பு இருந்தால் முடிந்தது. கடற்காற்றில் கிடந்ததென்றால் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும்.

தலைக்குள் இருக்கும் ரப்பர் டாம்பர் வருடக்கணக்கில் கிடந்தால் கல்லாகிவிடும். நகத்தால் அழுத்தி அமுங்காவிட்டால் மாற்றுங்கள். வால் பெல்ட்டில் பல் தேய்ந்தோ நூல் பிரிந்தோ இருந்தால் அதையும் மாற்றுங்கள். பிளேட்டின் அடியில், ஆணி போகும் ஓட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் அந்தச் சோடியை உடைத்து எறிந்துவிடுங்கள். சும்மா எறிந்தால் யாராவது எடுத்துப் பூட்டிவிடுவார்கள்.

கடற்கரையில் பறந்த ஹெலி என்றால் மோட்டாரையும் கவனியுங்கள். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் இல்மனைட் மணல் எடுக்கிறார்கள் அல்லவா? அந்த மாதிரிக் கரு மணலில் காந்தத்தில் ஒட்டும் துகள் உண்டு. மோட்டாரின் காந்தத்துக்கும் சுருளுக்கும் நடுவே ஏறிவிட்டால் ஊதினாலும் போகாது. பிரித்து, ஒட்டும் டேப்பால் ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும்.

நான்காம் படி: மின்சாமான்

தம்பியின் ஸ்பீட் கன்ட்ரோலரில் பொன்னிறமாக இருக்க வேண்டிய புல்லட் கனெக்டர் பச்சை பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது, கீழே வயரும் கறுத்திருந்தது. வயரை வெட்டிக்கொண்டே போய், செப்பு பளபளப்பாகத் தெரிகிற இடத்தில் புதிய கனெக்டர் ஈயம் வைத்துப் பற்றினோம். அந்தக் கறுத்த நிறம் வயருக்குள்ளே வெகுதூரம் போயிருந்தால் கன்ட்ரோலரை மாற்றுவதுதான் நல்லது.

சேர்வோக்களை மின் இல்லாமல் கையால் மிக மெதுவாக முழு வீச்சுக்கும் திருப்புங்கள். எங்காவது தாண்டினால் பல் உடைந்திருக்கிறது. பிறகு மின் கொடுத்துப் பாருங்கள். சும்மா நிற்கும்போதே நடுங்கினால் அதன் ஆயுள் முடிகிறது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பழைய கன்ட்ரோலருக்குள் இருக்கும் பெக், அதாவது ரிசீவருக்கும் சேர்வோக்களுக்கும் 5 வோல்ட் கொடுக்கும் பகுதி, பெரும்பாலும் 2 அல்லது 3 அம்பியர்தான் தாங்கும். பழைய அனலொக் சேர்வோவுக்கு அது போதும். வேகமான டிஜிட்டல் சேர்வோக்களைப் போட்டால் இழுவை கூடி வோல்ட் சரியும், ரிசீவர் ஒரு கணம் நின்று திரும்பத் தொடங்கும். அந்த ஒரு கணம் போதும் ஹெலி விழ. சேர்வோ மாற்றினால் வலுவான பெக்கும் சேர்த்தே வாங்குங்கள்.

ஐந்தாம் படி: ரிமோட்

நீண்ட அன்ரெனாவும் கிறிஸ்டலும் உள்ள பழைய எஃப்எம் ரிமோட் என்றால் என் பதில் நேரடியானது: ஓய்வு கொடுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் என்றால் இரண்டு சோதனை செய்யுங்கள். மோட்டார் வயர் கழன்றிருக்கிறது என்று மறுபடி பார்த்துவிட்டு, ஹெலிக்கு மின் கொடுத்து ரிமோட்டை அணையுங்கள். திரொட்டில், அதாவது மோட்டாருக்குப் போகும் வலு, தானாகப் பூச்சியத்துக்கு வரவேண்டும். அதற்குப் பெயர் ஃபெயில்சேஃப், அது இல்லாமல் பறக்கவே கூடாது. அடுத்தது தூரச் சோதனை. ரிமோட்டின் கைநூலில் சொன்ன முறைப்படி வலுவைக் குறைத்து வைத்து, சொன்ன தூரம் நடந்து, சேர்வோ பிசகாமல் அசைகிறதா என்று ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பற்றரி

ஊதியிருந்தால் அங்கேயே முடிவு, சார்ஜரில் போடாதீர்கள். ஊதவில்லை என்றால் செல் செல்லாக அளந்து பாருங்கள். ஏதாவது ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் அதை நம்ப முடியாது. மூன்றும் மேலே இருந்தால் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் வரும்வரை, பக்கத்திலேயே இருந்துகொண்டு சார்ஜ் செய்யுங்கள். ஒருநாள் விட்டு மறுபடி அளக்கும்போது ஒரு செல் மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பற்றரியும் போய்விட்டது. ஆறு வருடம் கிடந்த பற்றரி பிழைத்ததை நான் கண்டதில்லை. கணக்கில் புதிய பற்றரியை இப்போதே எழுதிவிடுங்கள்.

நம்மூர் வெக்கைக்கு இந்த லிப்போ வகைப் பற்றரியை நிரப்பியபடி வைப்பது கூடாது. செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து, அடியில் மணல் போட்ட மண்சட்டியில் வையுங்கள். எறிய வேண்டியதை வீட்டுக்கு வெளியே வைத்து, மோட்டார்சைக்கிளின் 12 வோல்ட் பல்ப்பைக் கொடுத்து முழுக்க இறக்கி, முனையில் டேப் சுற்றி, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். உப்புத் தண்ணீரில் போடுவதை நான் சொல்ல மாட்டேன். முனை மட்டும் அரித்துப்போய், உள்ளே மின் மிஞ்சிவிடும்.

ஏழாம் படி: கணக்கு

இப்போது கொப்பியில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் இந்த ஹெலிக்கு மட்டும் உதவும் சாமான்: ஷாஃப்ட், கியர், பெல்ட், டாம்பர். வலது பக்கம் நாளை வேறு ஹெலிக்கும் மாற்றிக்கொள்ளக்கூடியவை: ரிமோட், சார்ஜர், கைரோ, பற்றரி. வலது பக்கச் செலவுக்குப் பயப்பட வேண்டாம், ஹெலி போனாலும் அது உங்களோடு இருக்கும். இடது பக்கக் கூட்டுத்தொகையை அதே ரகப் புதிய ஹெலியின் வெற்றுச் சட்டகத்தின் விலையோடு ஒப்பிடுங்கள். பாதியைத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன்.

விலைக்கு முன்னால் சாமான் கிடைக்குமா என்றும் பாருங்கள். மெயின் ஷாஃப்ட், ஃபெதரிங் ஷாஃப்ட், மெயின் கியர், வால் பெல்ட், பிளேட் என்ற ஐந்தில் இரண்டு கிடைக்காவிட்டால் அந்த ஹெலி அடுத்த விழுகையோடு நின்றுவிடும். அலைன் என்ற நிறுவனத்தின் டி-ரெக்ஸ் 450-ஐப் பார்த்துச் செய்த ஹெலிகள் நிறைய இருப்பதால் அந்தக் குடும்பத்துக்குச் சாமான் தேடுவது சுலபம். தம்பியுடையது அந்தக் குடும்பம்.

எட்டாம் படி: மேம்படுத்துவதென்றால்

வரிசை முக்கியம். முதலில் ஷாஃப்ட், பெயாரிங், டாம்பர். இரும்போடு இரும்பு சேரும் ஆணிக்கெல்லாம், கழலாமல் பிடிக்கும் நீல நிறத் த்ரெட்லொக் பசை ஒரு துளி. ஃபிளைபாரைக் கழற்றாமல் அப்படியே ஒருமுறை பறக்க விடுங்கள். நடுக்கம் இல்லாமல் ஓரிடத்தில் நின்றால், அப்புறம் பெக், சேர்வோ, கடைசியாகக் கைரோ. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினால், ஏதாவது பிசகும்போது எது காரணம் என்று தெரியும்.

ஃபிளைபார் ஒழுங்காக வேலை செய்தால் மாற்ற அவசரம் இல்லை. ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு ஒன்று சொல்வேன். இப்போது வரும் சில கைரோக்களில் ஒரு சுவிட்சைத் தட்டினால் ஹெலி தானாக நிமிரும். பழகும் காலத்தில் அது பல ஷாஃப்ட்டுகளைக் காப்பாற்றும், அதற்காக மாற்றலாம்.

பறக்க விட இடமும் பாருங்கள். சீனக்குடாவில் விமானநிலையம், துறைமுகத்தில் கடற்படைத் தளம், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் இராணுவ முகாம் உள்ள ஊர் இது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதியைப் படித்து, அனுமதி கேட்டு, ஊருக்கு உள்ளே தள்ளிய வெறும் வயல்வெளியைத் தேடுங்கள். பங்குனி, சித்திரைக் காலை நேரம் அருமை. கச்சான் காற்று வீசத் தொடங்கினால் விடிந்து சிறிது நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

ஓய்வு கொடுப்பதென்றால் ஒரேயடியாக எறியாதீர்கள். நல்ல பெயாரிங், ஆணி, பந்து இணைப்பு, மோட்டார் எல்லாவற்றையும் கழற்றி, பெயர் எழுதிய சிறு பைகளில் போட்டு வையுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்ததில் தம்பியுடையது பிழைத்தது. என்னுடையதன் சட்டகத்தில் பெயாரிங் உட்காரும் இடமே தேய்ந்து அகன்றிருந்ததால் அதற்குத்தான் ஓய்வு. அதன் மூன்று சேர்வோவும் கைரோவும் இப்போது அவனுடைய ஹெலியில் இருக்கின்றன. பங்குனியில் வயல்வெளியில் பிளேட் பூட்டி, பதினைந்து மீற்றர் தள்ளி நின்று, முழங்கால் உயரத்துக்கு மட்டும் தூக்கினான். இரண்டு நிமிடத்தில் இறக்கி, வயரைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பார்த்தோம். கை வைக்கக்கூடிய சூடுதான்.