பெயர் ஒன்றாததால் நின்ற குடும்ப ஓய்வூதியம்

என்னுடன் பணியாற்றிய ஹவில்தார் காலமானபின், அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. படைப் பதிவேட்டில் ‘லட்சுமி’ என்றும் ஆதாரில் ‘மகாலட்சுமி’ என்றும் இருந்ததே காரணம். ஸ்பர்ஷ் என்ற இணையவழிப் படைவீரர் ஓய்வூதிய முறையில் பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகமே ஓய்வூதியத்தை நேரடியாகச் செலுத்துவதால், அந்த அம்மா வங்கிக்கு நடையாய் நடந்ததில் பயனில்லை.

இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற நோட்டரி பிரமாணப் பத்திரத்தை, இறப்புச் சான்றிதழ், ஓய்வூதிய ஆணை நகல் ஆகியவற்றுடன், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ஹவில்தாருடைய படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினோம். பெயரை நம்பிக் கோப்பைத் தேட முடியாது என்பதால், ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் ஹவில்தாரின் படை எண்ணை எழுதினேன். பெயர் திருத்தப்பட்டு, நிலுவையும் வந்தது.

நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்றுக்கு வரும் தோழர்களிடம், மனைவி பெயரையும் அப்போதே சரிபார்க்கச் சொல்கிறேன். சிலர் அதை அபசகுனமென்று முகம் சுளிக்கிறார்கள்.