தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டால்

திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. மாடியிலுள்ள இரண்டு அறைகளை நாள் வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்தபோது மெத்தை, திரைச்சீலை, கெய்சர் என்று எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினேன். வருகிறவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. முதல் வாரமே, அறை வாடகைக்கு விடும் இணையதளமான ஏர்பிஎன்பியில் ஒருவர் கேட்டிருந்தார்: "மாடித் தொட்டி எத்தனை லிட்டர்?"

ஆயிரம் என்று பதில் போட்டேன். உடனே இரண்டு பேருக்கு புக் செய்தார். அன்று பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துவிட்டு, விடியற்காலை நாலு மணிக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். படுப்பது இரண்டு பேர்தான், குளிப்பது பதினாறு பேர். ஆறு மணிக்கெல்லாம் தொட்டி காலி. கீழே எங்கள் குழாயிலும் காற்றுதான் வந்தது.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் முன்கூட்டியே கேட்டார். எதற்குக் கேட்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். இப்போது பௌர்ணமிக்கு முதல் நாளே இரண்டாவது தொட்டியையும் நிரப்பிவிடுகிறேன். குளிக்க மட்டும் வருகிறவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணமும் வைத்திருக்கிறேன்.

புதிதாக வீடு விடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். வித்தியாசமாக ஒரு கேள்வி வந்தால் சரி என்றோ முடியாது என்றோ அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"வணக்கம். மொத்தம் எத்தனை பேர் வீட்டுக்குள் வருவீர்கள்? குளிக்க, சாப்பிட வருகிறவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வந்து எப்போது கிளம்புவீர்கள்? என்ன விஷயமாக வருகிறீர்கள் என்று தெரிந்தால் வேண்டியதை எடுத்து வைத்துவிடுவேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். ஏர்பிஎன்பியில் விசாரிப்புக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும் என்பதால் பலர் பயந்துபோய் சரி சொல்லிவிடுகிறார்கள். வெறும் விசாரிப்புக்கு இந்த மாதிரி ஒரு கேள்வியை அனுப்பினாலே அது பதில்தான். புக்கிங் கோரிக்கையாகவே வந்துவிட்டால்தான் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும்.

ஒரு கார்த்திகை மாதம் இன்னொருவர், "மொட்டை மாடிக்கு எத்தனை படி? எந்தப் பக்கம் கைப்பிடி?" என்று கேட்டார். விசாரித்தால், அவருடைய அம்மாவுக்கு மகா தீபம் பார்க்க வேண்டும், நடக்க முடியாது. தீபத்தன்று அறை வேண்டும் என்றார். அன்றைக்கு வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து கூட்டத்தில் அந்த அம்மாவை எப்படி அழைத்து வருவது? தீபம் 11 நாள் எரியுமே, நாலாம் நாள் வாருங்கள், கார் வாசல் வரைக்கும் வரும் என்று எழுதினேன். கையில் போனோடு படியேறி ஒரு வீடியோ எடுத்தும் அனுப்பினேன்: பத்தொன்பது படி, திரும்பும் இடத்தில் கைப்பிடி கிடையாது. வந்தார்கள். பேரன்கள் இரண்டு பேர் பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். திரும்பும் இடத்தில் நாற்காலிக் கால் சுவரில் உரசிய கோடு இன்னும் இருக்கிறது. சுண்ணாம்பு அடிக்க வந்தவரிடம் அதை அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.

எல்லாக் கேள்விக்கும் இப்படி நல்ல பதில் அமைவதில்லை. அறைக்குள் ஹோமம் செய்யலாமா என்று கேட்டவருக்கு மொட்டை மாடியைக் கொடுத்தேன், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பத்து நாள் மௌனம், யாரும் கதவைத் தட்டக் கூடாது என்று ஒரு ஜெர்மன்காரப் பெண் கேட்டார். சம்மதித்தேன். ஆனால் தினமும் காலையில் கதவடியில் ஒரு சீட்டைத் தள்ளிவிட வேண்டும், சீட்டு வராவிட்டால் கதவைத் திறப்பேன் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். தனியாக இருக்கிறவருக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்குத் தெரியும்? அப்புறம், வெளிநாட்டவர் ஒரே ஒரு இரவு தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நாம் பதிவு செய்தாக வேண்டும்.

"நாங்கள் கல்யாணம் ஆகாதவர்கள், பரவாயில்லையா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். வயது வந்த இருவர் அப்படித் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று 2019 டிசம்பரில், கோயம்புத்தூர் விடுதி ஒன்றின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. இரண்டு பேருடைய அடையாள அட்டையையும் பார்க்கிறேன். ஆதார் என்றால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் நகல் போதும். அதற்கு மேல் எதையும் கேட்பதில்லை, மற்றவர்களையும் கேட்க விடுவதில்லை.

ஒரு வகைக் கேள்விக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டும். ராணுவ அதிகாரி என்று ஒருவர் போன் செய்தார். பத்து நாளைக்கு அறை, பேரம் பேசவே இல்லை. முழுப் பணத்தையும் இப்போதே அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள் என்றார். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். அவை நாம் பணம் கொடுப்பதற்குத்தான். போனை வைத்துவிட்டேன். தெரியாமல் போட்டுப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பதும் இதே ஏமாற்றுதான். உங்கள் கணக்கைத் திறந்து பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

முடியாது என்று சொல்ல வேண்டி வந்தால் சுற்றி வளைக்காமல் காரணத்தோடு சொல்லுங்கள். "எங்களிடம் இருப்பது ஒரே குளியலறை, முப்பது பேருக்குப் போதாது, உங்களுக்குத்தான் சிரமம்." அத்தோடு வேறு இடமும் சொல்லுங்கள். பெரிய குழுக்களை ஏற்கும் நாலு மண்டபங்களின் எண்களை எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். பௌர்ணமி வாரத்தில் அறையை விட அந்தச் சீட்டுக்குத்தான் வேலை அதிகம்.