ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடுகிறதா? ரிலேயிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

மத்தியான வெயிலில் கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஊர்ந்துவந்து காரை நிறுத்தினால், சில கார்களில் திறப்பை எடுத்த பிறகும் ஃபேன் சில நிமிடம் ஓடும். ஏசி போட்டிருக்கும்போது ஓடுவதும் இயல்புதான். ஆனால் காலையில் குளிர்ந்த எஞ்சினை ஏசி இல்லாமல் ஸ்டார்ட் செய்த கையோடு ஃபேன் இரைந்தாலோ, திறப்பை எடுத்து கால் மணி நேரமாகியும் அடங்காவிட்டாலோ அது கோளாறு.

ஒரு எச்சரிக்கை: சும்மா நிற்கும் ஃபேனும் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும். விரல், சட்டைக் கை, வயர் எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

முதலில் வெப்ப முள்ளைப் பாருங்கள். அது மேலே ஏறி நின்றால் ஃபேன் மேல் குற்றமில்லை, அது தன் வேலையைத்தான் செய்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் அந்தத் திரவத்தின் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டர் அடைப்பையும் சந்தேகிக்கலாம்.

முள் சரியாக இருந்தால் அடுத்தது ரிலே, அதாவது ஃபேனுக்குப் போகும் மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சிறிய சுவிட்ச். பொனட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எது எந்த ரிலே என்று படம் போட்டிருக்கும். திறப்பை எடுத்துவிட்டு, ஃபேன் ரிலேயை நேராக மேலே இழுங்கள். சில கார்களில் இரண்டு மூன்று இருக்கும், ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதைக் கழற்றியும் ஃபேன் நிற்கவில்லையா? ரிலேயைத் தாண்டி எங்கோ மின்சாரம் நேராகப் போகிறது. பாவித்த கார் என்றால் முன்னைய சொந்தக்காரர் தனி வயர் இழுத்து ஒப்பேற்றியிருக்கவும் கூடும். புதிய கார்கள் சிலவற்றில் ரிலேக்குப் பதில் கட்டுப்பாட்டு மொடியூல் இருக்கும். இந்த இரண்டுமே எலெக்ட்ரீஷியன் வேலை.

கழற்றியதும் நின்றுவிட்டதென்றால், அதே இலக்கமும் அதே கால் அமைப்பும் உள்ள ஹோர்ன் ரிலேயை அங்கே செருகிப் பாருங்கள். இப்போது ஃபேன் அடங்கினால் பழைய ரிலேதான் குற்றவாளி. அதன் உள்ளே தொடுமுனைகள் சூட்டில் உருகி ஒட்டியிருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் அதை 'பீப்' சோதனைக்கு வைத்து, ரிலேயில் 30, 87 என்று எழுதிய கால்களைத் தொடுங்கள். வெளியே எடுத்த சாதாரண ரிலே 'பீப்' போடக் கூடாது.

மாற்றியும் ஓடினால் ரிலேக்கு யாரோ கட்டளை கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அது கூலன்ட் வெப்ப சென்சர் பக்கம்தான் இருக்கும். சென்சரிலிருந்து தகவல் வராவிட்டால், எஞ்சின் கொதித்துவிடக் கூடாதென்று பல கார்களின் கணினி ஃபேனை ஓடவிட்டுவிடும். அதனால் இணைப்பியைக் கழற்றி உள்ளே பாருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போலக் கடற்காற்று படும் இடத்தில் நிற்கும் காரில் பச்சைப் பூஞ்சணம் போலக் களிம்பு பிடித்திருக்கலாம். கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். மல்டிமீட்டரில் மின்தடையை அளந்தால், குளிர்ந்த எஞ்சினில் பல ஜப்பானிய கார்களின் சென்சர் ஏறத்தாழ 2 கிலோ ஓம் காட்டும், 80 பாகையில் 300 ஓம் அளவுக்கு இறங்கும். எதுவுமே காட்டாவிட்டால் சென்சர் போய்விட்டது.

1990களின் டொயோட்டா பலவற்றில் கதை தலைகீழ். அவற்றில் வெப்பம் ஏறினால் சுவிட்ச் திறந்துகொள்ளும், ஃபேன் ஓடும். ஆகவே சுவிட்ச் வயர் அறுந்தாலே, திறப்பைத் திருப்பியதும் ஃபேன் சுற்றும். மேலே சொன்ன 'பீப்' சோதனையும் அந்த ஃபேன் ரிலேக்குப் பொருந்தாது.

ஏசி போட்டால் மட்டும் ஃபேன் ஓயாமல் ஓடுகிறதென்றால் ஏசி ஆளிடம் கேஸ் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோளாறு தீரும் வரை இரவில் பட்டரி இறங்காமலிருக்க ரிலேயைக் கழற்றி வைக்கலாம். ஆனால் மறக்காமலிருக்க அதை ஸ்டியரிங் மேலேயே வையுங்கள். அதைச் செருகாமல் பொரளை சந்தி வரை போனாலும் எஞ்சின் கொதித்துவிடலாம். புதிதாக வாங்க உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய ரிலேயைக் கையோடு கொண்டுபோய், இலக்கத்தையும் கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். பாவித்ததை வாங்குவதென்றால் 12 வோல்ட் கொடுத்து 'டிக்' சத்தம் கேட்கிறதா, எடுத்ததும் விடுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.