டெங்கு: காய்ச்சல் விட்ட பிறகுதான் கூடுதல் கவனம்

டெங்கு வந்த வீட்டில் எல்லோரும் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், மூன்று நான்கு நாள் கொதித்த உடம்பு குளிர்ந்ததும் "அப்பாடா, சூடு விட்டாச்சு" என்று ஆளாளுக்கு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். தயவுசெய்து அப்போது அசந்துவிடாதீர்கள். காய்ச்சல் தொடங்கிய 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள், சூடு இறங்கும் நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும். ரத்தம் கெட்டியாகி பிரஷர் விழும். இந்த ஆபத்து 24 முதல் 48 மணி நேரம் வரை இருக்கும். அதைத் தாண்டுவது பெரும்பாலும் நாம் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

முதலில், காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்று எழுதி வையுங்கள். ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, மோர், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். உடம்பு வலிக்கிறதே என்று ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு கூடும்.

விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், துவண்டு கிடப்பது அல்லது காரணமில்லாமல் தவிப்பது, கை கால் சில்லிடுவது: இதில் ஒன்று இருந்தாலும் நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். முன்பே டெங்கு வந்திருந்தால், சர்க்கரை நோய் இருந்தால், கர்ப்பிணி என்றால், போனதும் அதைச் சொல்லிவிடுங்கள். டெங்கு வைரஸில் 4 வகை உண்டு, வேறு வகை இரண்டாவது முறை தொற்றும்போது நோய் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம்.

அப்புறம் இந்த பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள். எண்ணிக்கை குறைந்ததுமே ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைகிறோம். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு வெறும் எண்ணைப் பார்த்து பிளேட்லெட் ஏற்றுவதில் பலன் இல்லை. அதே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இருக்கும் பி.சி.வி.யை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்ற அளவைக் கேளுங்கள், முதல் நாட்களில் இருந்ததைவிட 20 சதவீதம் ஏறியிருந்தால் நீர் கசிகிறது என்று அர்த்தம். ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பத்திலேயே எடுத்த ரிப்போர்ட் வேண்டும், அதைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

டிரிப்ஸ் விஷயத்திலும் டாக்டரை நெருக்காதீர்கள். கசிந்த நீர் தேறும் கட்டத்தில் ரத்தத்துக்கே திரும்பும், அப்போதும் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறும். பசி எடுத்து, சிறுநீர் தாராளமாகப் போய், தோலில் அரிப்போடு சிவந்த தடிப்பு வந்தால் பெரும்பாலும் தேறுகிறார் என்று பொருள், டிரிப்ஸை நிறுத்தலாமா என்று அப்போது கேளுங்கள்.