காணொளிகளை மெனுவுடன் கூடிய டிவிடியாக எழுதும் முறை

காணொளிக் கோப்புகளை ஒரு வட்டில் அப்படியே நகலெடுத்துப் போடுவதும், அந்த வட்டைத் தொலைக்காட்சியோடு இணைந்த பிளேயரில் இட்டதும் மெனு தோன்றி, ரிமோட்டின் அம்புப் பொத்தான்களால் தேர்ந்தெடுத்துப் பார்க்கும்படி அமைப்பதும் முற்றிலும் வெவ்வேறான வேலைகள். முதல் வகையில் கிடைப்பது தரவு வட்டு. கணினி அதைத் திறக்கும், சில புதிய பிளேயர்களும் திறக்கும், பழைய பிளேயர்கள் பெரும்பாலும் மறுத்துவிடும். இரண்டாம் வகையில் கிடைப்பதே டிவிடி-வீடியோ. அதன் உள்ளே ‘வீடியோ_டிஎஸ்’ என்ற கோப்புறை இருக்கும். அதில் படமும் ஒலியும் ‘விஓபி’ கோப்புகளிலும், எந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கே செல்ல வேண்டும் என்னும் வழிகாட்டுத் தகவல் ‘ஐஎஃப்ஓ’ கோப்புகளிலும், அந்தத் தகவலின் மறுபிரதி ‘பியுபி’ கோப்புகளிலும் பதிந்திருக்கும். இந்த அமைப்பை உருவாக்கும் வேலையை ஆதரிங் என்பார்கள். வட்டில் எழுதுவது இதன் கடைசிப் படி மட்டுமே. ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய வட்டில் பிறகு எதையும் திருத்த முடியாது என்பதால், கவனம் முழுவதும் அதற்கு முந்தைய படிகளில் இருக்க வேண்டும்.

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன், ரிமோட்டைக் கையில் வைத்திருக்கப் போகிறவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு திருமணத்தின் நாற்பது சிறு கிளிப்களை வயதான உறவினர் ஒருவர் பார்க்கப் போகிறார் என்றால், நாற்பது பொத்தான்கள் அவருக்கு உதவாது. ‘அனைத்தையும் பார்க்க’ என்ற ஒரு பொத்தானும், நிகழ்ச்சியின் பெரும் பகுதிகளுக்கு நான்கைந்து பொத்தான்களும் போதும். அப்போது கிளிப்களை முறைப்படி அடுக்கி ஒரே தலைப்பாக (டிவிடியில் தனியாக இயங்கும் ஒரு முழுக் காணொளியைத் தலைப்பு என்பார்கள்) சேர்த்து, பகுதி தொடங்கும் இடங்களில் அத்தியாயக் குறிகளை வைப்பது நல்லது. ஒரே தலைப்புக்குள் அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவ ரிமோட்டின் ‘அடுத்து’ பொத்தானே போதுமானது, படமும் இடையில் நிற்காமல் ஓடும். ஒவ்வொரு கிளிப்பையும் தனித் தலைப்பாக வைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பல பிளேயர்கள் ஒரு கணம் கறுப்புத் திரை காட்டும்; ‘அடுத்து’ பொத்தானும் தலைப்பின் எல்லையைத் தாண்டாமல் போகலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பாடங்கள், உரைகள் போன்றவற்றுக்குத் தனித் தலைப்புகள் பொருந்தும். ஒரு வட்டில் 99 தலைப்புகள் வரையும், ஒரு தலைப்பில் 99 அத்தியாயங்கள் வரையும் வைக்க இந்த வடிவம் இடமளிக்கிறது. அந்த எல்லையை நெருங்க வேண்டிய தேவை வீட்டில் எவருக்கும் வராது.

கிளிப்களைச் சீர்செய்தல்

டிவிடி-வீடியோவில் வழக்கமாகப் பயன்படும் பட வடிவம் எம்பெக்-2. இந்தியாவும் ஐரோப்பாவும் பின்பற்றிய பிஏஎல் தொலைக்காட்சி முறையில் 720×576 புள்ளிகளும் வினாடிக்கு 25 சட்டங்களும் (அதாவது தனிப் படங்களும்), அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய என்டிஎஸ்சி முறையில் 720×480 புள்ளிகளும் வினாடிக்கு 29.97 சட்டங்களும் இதன் அளவுகள். ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். ஏசி-3 வடிவில் ஸ்டீரியோவாக வினாடிக்கு 192 அல்லது 224 கிலோபிட் வைத்தால் எல்லாப் பிளேயர்களிலும் சிக்கலின்றி ஒலிக்கும். கைப்பேசிகள் பதிவுசெய்யும் ஹெச்.264, ஹெச்.265 கோப்புகளை ஆதரிங் மென்பொருளே எம்பெக்-2 ஆக மாற்றிக்கொள்ளும் என்றாலும், அவற்றை நேரடியாக அதனிடம் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது சட்ட வேகம். பல கைப்பேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்பச் சட்ட வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பதிவுசெய்கின்றன. அத்தகைய கோப்பு அப்படியே மாற்றப்படும்போது, தொடக்கத்தில் சரியாக இருந்த உதட்டசைவும் குரலும் போகப்போக விலகிப் போவதுண்டு. ஹேண்ட்பிரேக் போன்ற மாற்றுக் கருவியில் மாறாத சட்ட வேகம் என்ற தேர்வைக் கொடுத்து, தரத்தை உயர்வாக வைத்து, ஒருமுறை மாற்றி எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும். (ஹேண்ட்பிரேக் டிவிடியை உருவாக்காது, இங்கே அது முன்தயாரிப்புக்கு மட்டுமே பயன்படுகிறது.) வினாடிக்கு 30 சட்டங்களில் எடுத்த கிளிப்களை 25 சட்டங்களுக்குக் குறைக்கும்போது, நகரும் காட்சிகளில் வெட்டி வெட்டிச் செல்வதுபோன்ற அசைவு தெரியும். ஆகவே பார்ப்பவரின் பிளேயர் ஏற்குமானால் அவற்றுக்கு என்டிஎஸ்சி முறையையே தேர்ந்தெடுக்கலாம். பிஏஎல் நாடுகளில் விற்கப்பட்ட பிளேயர்களில் பெரும்பாலானவை என்டிஎஸ்சி வட்டையும் இயக்கும். என்டிஎஸ்சி நாடுகளின் பிளேயர்கள் பிஏஎல் வட்டை இயக்கும் என்பது அந்த அளவுக்கு உறுதியில்லை.

இரண்டாவது படத்தின் வடிவ விகிதம். 4:3 ஆனாலும் 16:9 ஆனாலும் டிவிடியில் பதியும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றே. எந்த விகிதத்துக்கு விரித்துக் காட்ட வேண்டும் என்பதைக் கோப்பில் உள்ள ஒரு குறிப்புதான் பிளேயருக்குச் சொல்கிறது. அந்தக் குறிப்பு தவறினால் மனிதர்கள் ஒட்டிப்போயோ தட்டையாகவோ தெரிவார்கள். நிமிர்த்திப் பிடித்து எடுத்த கிளிப், அகலத் திரையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அகலத்தையே நிரப்பும். இருபுறமும் அதே படத்தை மங்கலாக்கி நிரப்புவதைவிடக் கறுப்பாக விட்டுவிடுவதே மேல் என்பது என் கருத்து. கறுப்புப் பரப்பு மிகக் குறைந்த தரவையே எடுத்துக்கொள்வதால், மிச்சம் முழுவதும் முகங்களுக்குக் கிடைக்கிறது.

பழைய கேம்கார்டர் டேப்பிலிருந்து எடுத்த டிவி (டிஜிட்டல் வீடியோ) வடிவக் காணொளிகளில் ஒவ்வொரு சட்டமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரு புலங்களாகப் பின்னிப் பதிவாகியிருக்கும். அவற்றில் கீழ்ப் புலம் முதலில் வரும். அந்த வரிசையை மாற்றாமல் அப்படியே எம்பெக்-2 ஆக்கினால் தொலைக்காட்சியில் அசைவு மிக இயல்பாக இருக்கும். வரிசை தலைகீழானால் அசையும் பொருள்கள் எல்லாம் முன்னும் பின்னும் நடுங்கும்.

எவ்வளவு நேரம் ஏற்றலாம்?

ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி என்று அச்சிடப்பட்டிருக்கும். அது நூறு கோடி பைட் ஒரு ஜிபி என்ற கணக்கு. விண்டோஸ் அதையே சுமார் 4.37 ஜிபி என்று காட்டும், வட்டில் குறையேதும் இல்லை. இந்தக் கொள்ளளவை நேரத்தால் வகுத்தால் பிட் வீதம், அதாவது ஒரு வினாடிக்குச் செலவிடக்கூடிய தரவின் அளவு, கிடைக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு வினாடிக்கு ஏறத்தாழ 5.2 மெகாபிட் வரும். ஒலிக்கும் மெனுவுக்கும் வழிகாட்டுத் தகவலுக்கும் கழித்தால் படத்துக்கு ஏறக்குறைய 4.7 மெகாபிட் மிஞ்சும். ஒரு மணி நேரம் மட்டுமே என்றால் கணக்கு 10 மெகாபிட்டைத் தாண்டிவிடும், ஆனால் படத்துக்கு டிவிடி அனுமதிக்கும் உச்சம் 9.8 மெகாபிட். எழுதப்பட்ட வட்டுகளில் அந்த உச்சம் வரை போனால் சில பழைய பிளேயர்கள் திணறும் என்பதால் 8 மெகாபிட்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இரண்டு மணி நேரத் திரைப்படம் இதே வீதத்தில் அழகாகத் தெரிகிறதே என்று வீட்டுக் கிளிப்களுக்கும் அதே கணக்கைப் போடுவது சரியாகாது. கையில் பிடித்து எடுத்த காட்சியில் ஒவ்வொரு சட்டத்திலும் படம் முழுவதும் நகர்கிறது. மங்கிய வெளிச்சத்தில் எடுத்ததாக இருந்தால் புள்ளிப் புள்ளியான இரைச்சலும் சேர்கிறது. எம்பெக்-2 முந்தைய சட்டத்திலிருந்து மாறாத பகுதிகளை மீண்டும் பதியாமல் விட்டே இடத்தை மிச்சப்படுத்துகிறது. மாறாத பகுதியே இல்லாதபோது மிச்சப்படுத்த வழியின்றிக் கட்டம் கட்டமாகச் சிதைகிறது. இத்தகைய காணொளிகளை ஒரு வட்டில் 75 முதல் 90 நிமிடங்களுக்கு மேல் ஏற்றாமல் இருப்பதையே நான் வற்புறுத்துவேன். அதற்கு மேல் இருந்தால், 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு வட்டைத் தேடுவதைவிட இரண்டு ஒற்றை அடுக்கு வட்டுகளாகப் பிரித்துவிடுங்கள். பழைய பிளேயர்களுக்கு இரட்டை அடுக்கு எழுது வட்டுகள் அவ்வளவாக ஒத்துவருவதில்லை.

மெனுவை அமைத்தல்

விண்டோஸ் விஸ்டா, விண்டோஸ் 7 ஆகியவற்றின் சில பதிப்புகளோடு வந்த டிவிடி மேக்கர் விண்டோஸ் 8 முதல் இல்லை. இன்று இலவசமாகக் கிடைப்பவற்றில் டிவிடி ஸ்டைலர் நம்பகமானது. அது திறமூல மென்பொருள், விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். புதிய திட்டத்தைத் தொடங்கும்போதே வட்டின் பெயர், கொள்ளளவு, பிஏஎல் அல்லது என்டிஎஸ்சி, வடிவ விகிதம், ஒலி வடிவம் ஆகியவற்றைக் கேட்கும். மேலே தீர்மானித்தவற்றை அங்கே கொடுத்துவிட்டு, ஒரு மெனு வார்ப்புருவையோ வெற்று மெனுவையோ தேர்ந்தெடுத்து, கிளிப்களை இழுத்துக் கீழ்ப்பட்டையில் விடலாம். 4:3 கிளிப்களும் 16:9 கிளிப்களும் கலந்திருந்தால் அவற்றைத் தனித்தனித் தலைப்புத் தொகுதிகளில் வையுங்கள். ஒரே தொகுதிக்குள் உள்ள தலைப்புகள் அனைத்தும் ஒரே படப் பண்புகளோடு இருக்க வேண்டும் என்பது டிவிடியின் விதி.

கணினித் திரையில் அழகாகத் தெரியும் மெனு தொலைக்காட்சியில் ஏமாற்றக் காரணங்கள் உண்டு. பல தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களை வெட்டிக் காட்டுவதால், எழுத்துகளையும் பொத்தான்களையும் நடுவில் உள்ள 80 சதவீதப் பரப்புக்குள் வைக்க வேண்டும். ஒற்றைப் புள்ளித் தடிமனுள்ள கிடைக்கோடுகள் பழைய குழாய்த் திரைகளில் துடிக்கும். தமிழ் எழுத்துகளின் சுழிகளும் கொம்புகளும் சிறிய அளவில் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே தடித்த எழுத்துருவைப் பெரிய அளவில் பயன்படுத்துங்கள். ஆதரிங் மென்பொருள் கொம்பையும் புள்ளியையும் இடம் மாற்றிக் காட்டுமானால், மெனுவின் எழுத்துகளை ஏதேனும் ஒரு பட மென்பொருளில் எழுதி, பின்னணிப் படமாகவே சேமித்து, அதன்மேல் எழுத்தில்லாத பொத்தான்களைப் பொருத்துவது எல்லாச் சூழலிலும் சரியாக வரும்.

தேர்ந்தெடுத்த பொத்தானைக் காட்டும் ஒளிர்வு, துணைப்படம் என்ற தனி அடுக்கில் இருக்கிறது. ஒளிபுகும் நிறத்தையும் சேர்த்து நான்கு நிறங்களே அதில் இயலும் என்பதால் மென்மையான நிழல்களை அதில் எதிர்பார்க்கக் கூடாது. பின்னணியிலிருந்து பளிச்சென்று வேறுபடும் ஒரே நிறத்தில், எழுத்தின் கீழே தடித்த கோடு அல்லது பக்கத்தில் ஓர் அம்பு வைத்தால், தொலைவில் அமர்ந்திருப்பவருக்கும் தாம் எந்தப் பொத்தானில் இருக்கிறோம் என்பது விளங்கும். ஒரு மெனுவில் 36 பொத்தான்கள் வரை அனுமதி இருந்தாலும் ஆறேழுக்கு மேல் போகாமல், தேவையானால் இரண்டாம் மெனுப் பக்கம் அமைத்து, அங்கிருந்து முதல் பக்கத்துக்குத் திரும்பும் பொத்தானையும் தவறாமல் வையுங்கள்.

பலர் விட்டுவிடும் ஓர் அமைப்பு, தலைப்பு முடிந்ததும் என்ன நடக்க வேண்டும் என்பது. ஒவ்வொரு தலைப்பின் பண்புகளிலும் பின்கட்டளை என்ற இடத்தில் மெனுவுக்குத் திரும்பும்படி குறிப்பிடாவிட்டால், காணொளி முடிந்ததும் பிளேயர் நின்றுவிடக்கூடும்.

சோதனையும் எழுதுதலும்

மென்பொருளின் எழுதும் சாளரத்தில் நேரடியாக வட்டில் எழுதும் தேர்வை விட்டுவிட்டு, ஐஎஸ்ஓ கோப்பாக (முழு வட்டின் உள்ளடக்கமும் அடங்கிய ஒரே கோப்பு) உருவாக்கும் தேர்வைக் கொடுங்கள். இதற்குக் கணினியில் குறைந்தது 10 ஜிபி இடமாவது காலியாக இருக்க வேண்டும், மாற்றும் வேலைக்கு மணிக்கணக்கில் நேரமும் ஆகலாம். உருவான கோப்பை விஎல்சி என்ற காணொளி இயக்கும் மென்பொருளில் திறந்து, சுட்டியைத் தொடாமல், அம்பு விசைகளையும் என்டர் விசையையும் மட்டும் கொண்டு எல்லாப் பொத்தான்களுக்கும் சென்று வாருங்கள். அம்பு எங்கேனும் சிக்கிக்கொள்கிறதா, ஒவ்வொரு தலைப்பின் முடிவிலும் மெனு திரும்புகிறதா, கடைசிக் கிளிப்பிலும் குரலும் உதடும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உண்மையான பிளேயரில் சோதிக்க விரும்பினால் மீண்டும் எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ வட்டு உதவும். ஆனால் அதன் ஒளிப் பிரதிபலிப்பு குறைவு என்பதால், பழைய பிளேயர் அதை மறுத்தால் உங்கள் ஆதரிங் தவறு என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இறுதி வட்டுக்கு நல்ல டிவிடி-ஆர் வட்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் இம்ஜ்பர்ன், லினக்ஸில் கே3பி அல்லது பிராசேரோ கொண்டு ஐஎஸ்ஓ கோப்பை வட்டுப் படிமமாகவே எழுத வேண்டும். அதை ஒரு சாதாரணக் கோப்பாக வட்டுக்குள் இழுத்துப் போட்டால் எந்தப் பிளேயரும் அதைப் படிக்காது. வேகம் 4 எக்ஸ் அல்லது 8 எக்ஸ் போதுமானது. ஒரு எக்ஸ் என்பது வினாடிக்கு சுமார் 1.385 மெகாபைட், அதன்படி நிறைந்த வட்டு ஒன்று 4 எக்ஸில் பதினான்கு, பதினைந்து நிமிடங்களில் முடியும். எழுதி முடித்ததும் சரிபார்க்கும் தேர்வைக் கட்டாயம் இயக்குங்கள். வட்டை முடித்து மூடும் படியையும் தவிர்க்கக் கூடாது. மூடப்படாத வட்டைத் தொலைக்காட்சிப் பிளேயர்கள் பெரும்பாலும் ஏற்காது.

வட்டின் மேல் காகித வில்லை ஒட்ட வேண்டாம். அது ஒருபக்கமாக எடை கூட்டும், காலப்போக்கில் உரியும். வட்டுகளுக்கென்று விற்கப்படும் மென்முனைப் பேனாவால் பெயரையும் தேதியையும் எழுதினால் போதும். எழுது வட்டுகளில் தரவைத் தாங்குவது ஒளியாலும் வெப்பத்தாலும் மங்கும் சாயம் என்பதால் உறையிலிட்டு, நிழலில், நிமிர்த்தி வைக்க வேண்டும். ஐஎஸ்ஓ கோப்பைத் தனி வன்வட்டில் சேமித்து வைத்தால், வட்டு கீறினாலும் அதே வட்டை மறுபடி எழுதிக்கொள்ளலாம். மூலக் கிளிப்களை மட்டும் எக்காரணத்தாலும் அழித்துவிடாதீர்கள். டிவிடியில் இருப்பது 576 அல்லது 480 வரிகளுக்குச் சுருக்கப்பட்ட நகல், அதிலிருந்து பழைய தெளிவை மீட்க எந்த மென்பொருளாலும் இயலாது.