பெரியம்மா ஃபார்வர்டு செய்கிற கல்யாணப் பதிவு: தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

கல்யாண ஏற்பாட்டுத் தொழிலுக்கு மதுரையில் வந்து சேர்ந்த முதல் இரண்டு வருடமும் நான் இன்ஸ்டாகிராமில் போட்டதெல்லாம் மேடைப் படங்கள்தாம். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, பின்னால் விளக்கு எரிய ஒன்று. லைக் நிறைய வந்தது. யார் போட்டார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். மேடை அலங்காரக்காரர்கள், ஒப்பனைக் கலைஞர்கள், திருச்சியிலும் கோவையிலும் இதே தொழில் செய்கிறவர்கள். கல்யாணத்துக்குப் பெண்ணோ பையனோ இருக்கிற வீடு ஒன்றுகூட இல்லை.

பிறகு ஓர் ஆடி மாதம், வேலை எதுவும் இல்லாத மத்தியானத்தில், நோட்டில் வைத்திருந்த சீர்வரிசைத் தட்டுப் பட்டியலை வெள்ளைத்தாளில் கையால் எழுதிப் படமெடுத்துப் போட்டேன். நான்காம் நாள் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஓர் அம்மாள் பேசினார். “தட்டு வரிசை எழுதியது நீங்கள்தானே? அதில் கண்ணாடியும் சீப்பும் விட்டுப்போயிருக்கிறது.” அவர் ஒரு மாப்பிள்ளைப் பையனின் பெரியம்மா. இன்ஸ்டாகிராமே அவரிடம் இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். நான் திட்டு வாங்கி முடித்த பிறகு கேட்டார்: “ஆவணியில் உங்களுக்கு நாள் காலியாக இருக்கிறதா?”

கீழே வருவதெல்லாம் அந்தப் போனிலிருந்து கற்றுக்கொண்டது. நம் ஊரில் கல்யாண வேலையை யாரிடம் கொடுப்பது என்று முடிவுசெய்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பக் குழுவில்தான் இருக்கிறார்கள். அங்கே போய்ச் சேருகிற பதிவுதான் வேலை கொண்டுவரும். கணக்குத் தொடங்குவது, படம் ஏற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: நோட்டைத் திறவுங்கள்

கடைசியாகச் செய்த ஐந்து கல்யாணங்களில் பெண் வீட்டாரும் பையன் வீட்டாரும் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது என்ன என்று எழுதுங்கள். மேடை நிறத்தைப் பற்றி யாரும் அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள். எத்தனை இலை சொல்வது, தாம்பூலப் பை எத்தனை, முகூர்த்தக்கால் எத்தனை நாள் முன்னால் நடுவது, மேளக்காரர் எத்தனை மணிக்கு வர வேண்டும், மண்டபத்துச் சாவியை யாரிடம் ஒப்படைப்பது. இப்படித்தான் வந்திருக்கும். ஒரு கேள்விக்கு ஒரு படம். அவ்வளவுதான்.

என்னுடைய படம் ஒன்றில் இருந்தது இதுதான்: “உள்ளூரில் 400 பத்திரிகை கொடுத்தால் முகூர்த்தச் சாப்பாட்டுக்கு 1,000 இலை. தாம்பூலப் பை 700. இது என் கணக்கு, உங்கள் கணக்கு என்ன?” அந்தக் கடைசி மூன்று சொற்களை விட்டுவிடாதீர்கள். ஒரு சமையல் மாஸ்டர் வந்து, “வைகாசி என்றால் ஆயிரம் போதாது, பள்ளி விடுமுறை, பிள்ளைகள் எல்லாம் வந்துவிடும்” என்று எழுதினார். இன்னொருவர் அவரோடு சண்டைக்கு வந்தார். அன்று நான் செய்ததெல்லாம் இருவருக்கும் நன்றி சொன்னது மட்டும்.

படம் வடிவமைக்கிற கேன்வா செயலியில் தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன, அழகாகவும் வரும். ஆனாலும் பட்டியல்களை நான் கையால்தான் எழுதுகிறேன். அச்சடித்ததைப் பார்த்தால் விளம்பரம் என்று தள்ளிவிடுகிறார்கள். கையெழுத்து என்றால் யாரோ தெரிந்தவர் எழுதிக்கொடுத்த மாதிரி இருக்கிறது.

படி 2: எல்லாருக்கும் பதில் தெரிந்த கேள்வியைக் கேளுங்கள்

“இந்த மேடை பிடித்திருக்கிறதா?” என்று கேட்டால் ஒரு இதயம் வரும், அதற்குமேல் பேச எதுவும் இல்லை. “உங்கள் வீட்டில் இலை போட்டதும் முதலில் வைப்பது என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். உப்பு என்பார்கள், இனிப்பு என்பார்கள், இலையின் நுனி இடப்பக்கம் இருக்கிறதா என்று முதலில் பார் என்று ஒருவர் வந்து அதட்டுவார்.

இதைவிட நன்றாகப் போவது ஊர்ச்சடங்குகள். “உங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மட்டும் இருக்கிற ஒரு வழக்கத்தைச் சொல்லுங்கள்” என்று ஒரு வரி போட்டேன். கொங்குப் பக்கத்திலிருந்து, மாப்பிள்ளையோடு அவர் சகோதரியை வைத்துச் செய்கிற இணைச்சீர் வந்தது. செட்டிநாட்டிலிருந்து, இரு வீட்டாரும் கல்யாண ஒப்பந்தமாக இசைகுடிமானம் எழுதுவதைப் பற்றி ஒருவர் விரிவாக எழுதினார். திருநெல்வேலிக்காரர் ஒருவர், பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் சேர்த்து நெய்த பத்தமடைப் பாயைப் படமெடுத்து அனுப்பினார். அவருடைய அப்பா அம்மா கல்யாணத்துப் பாய். கோரை பழுப்பேறியிருந்தது, ஓரத்துச் சிவப்புச் சாயம் மங்கியிருந்தது, பெயர்கள் மட்டும் தெளிவாக இருந்தன. அவர் சம்மதத்தோடு அந்தப் படத்தைத் தனிப் பதிவாகப் போட்டேன். என் மேடைப் படங்கள் எல்லாம் சேர்ந்தும் அத்தனை பேரிடம் போகவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. எந்த வழக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். நீங்கள் இரண்டு வீட்டுக்கும் வேலை செய்ய வேண்டியவர்.

பதில் எழுதும்போது கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு ஓடாமல், திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள். விலை கேட்பவர்களுக்கு “இன்பாக்ஸ் பாருங்கள்” என்று எழுதுகிற வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். பொய் சொல்லப்போகிறார் என்றுதான் படிப்பவர்கள் நினைக்கிறார்கள். தொடக்க விலையை எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். கட்டுப்படியாகாதவர்கள் விலகிக்கொள்வார்கள், உங்கள் நேரமும் மிச்சம்.

படி 3: சம்மதம்

நான் சறுக்கியது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டார் 21 தட்டு வரிசை கொண்டுவந்தார்கள். படிக்கட்டில் வரிசையாக வைத்திருந்தது கண்ணை நிறைத்தது. எடுத்தேன், அன்றே போட்டேன். மறுநாள் காலையில் பெண்ணின் அப்பா பேசினார். கோபமே இல்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. “அம்மா, உங்கள் படத்தில் தட்டை எண்ணிவிட்டார்கள்” என்றார். மாப்பிள்ளையின் அண்ணிக்கு அவர் பிறந்த வீட்டில் 11 தட்டு வைத்திருந்தார்களாம். அந்த வீட்டில் இரண்டு மருமகள்களுக்கும் நடுவில் முதல் நாளே ஒரு கணக்கு விழுந்துவிட்டது, என் கைங்கரியத்தால். படத்தை எடுத்துவிட்டேன். ஆனால் எண்ணியது எண்ணியதுதானே.

அதன்பிறகு முன்பணம் வாங்கும் அன்றே அரைப் பக்கத் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்குகிறேன். கல்யாணத்தன்று கேட்டால் யாரும் யோசித்துப் பதில் சொல்ல மாட்டார்கள், “போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் பின்னால் வருந்துவார்கள். தாளில் இருப்பது இவ்வளவுதான். எந்தச் சடங்குகளைப் போடலாம். யார் முகம் தெரியலாம். மணமக்கள் தங்கள் பக்கத்தில் போட்ட பிறகுதான் நான் போடுவேன், அதற்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும். கடைசியாக, எதைப் போடவே கூடாது. இந்தக் கடைசிப் பகுதியில் சீர்த்தட்டு, நகை, மொய் எழுதுகிற மேசை, குழந்தைகள் முகம் ஆகிய நான்கையும் நானே முன்கூட்டி அச்சடித்து வைத்திருக்கிறேன். அவர்கள் வேண்டுமானால் அடித்துவிடலாம்.

அப்பா மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. பெண்ணிடமும் பையனிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். “அப்பா சரி என்றார், எனக்கு இஷ்டமில்லை” என்று சொன்ன பெண்கள் இருவரை நான் சந்தித்துவிட்டேன்.

படி 4: வீடியோ

இருபது விநாடிக்கு மேல் வேண்டாம். முகமே இல்லாமல் நல்ல வீடியோ எடுக்க முடியும். மாக்கோலம் போடும் விரல்கள், வாழைமரம் கட்டுகிறவரின் முடிச்சு, பாயசம் இலையில் விழுவது.

என் பக்கத்தில் அதிகம் பகிரப்படுவது மல்லிகை விலை. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் விடிகாலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு எப்படியும் போகிறேன். போனை எடுத்து, வியாபாரியிடம் அனுமதி கேட்டு, “கிலோ என்ன விலை அண்ணாச்சி?” என்று கேட்டு அவர் சொல்வதை அப்படியே போடுகிறேன். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதெல்லாம் பெருமைதான், ஆனால் மக்களுக்கு அன்றைய விலைதான் வேண்டும். மார்கழி, தையில் பனி இறங்கி வரத்துக் குறையும்போது கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். அப்போது அந்த வீடியோ எத்தனை வீட்டுக் குழுக்களுக்குப் போகிறது என்று பாருங்கள்.

வீடியோவை வெட்டி ஒட்ட இன்ஷாட் செயலி போதும், பெரிய மென்பொருள் தேவையில்லை. எந்தச் செயலியாக இருந்தாலும் முதலில் அதில் “கெட்டிமேளம்” என்று தட்டெழுதுங்கள். ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்த் தொங்கினால் அந்தச் செயலியை விட்டுவிடுங்கள். உடைந்த எழுத்தோடு வந்த வீடியோவைப் பார்த்து ஒரு தமிழாசிரியர் எனக்கு ஒரு பக்கம் எழுதினார்.

ஹேஷ்டேக்குகளை அடுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மண்டபத்தின் இடக்குறியைச் சேர்ப்பது பயன்படுகிறது. மண்டபம் தேடுகிறவர்கள் அதை அழுத்திப் பார்க்கிறார்கள். புகைப்படக்காரரோடு கூட்டுப்பதிவாகப் போட்டால் இருவர் பக்கத்திலும் வரும். ஆனால் அவர் அழைப்பை ஏற்றுக்கொண்டால்தான். முகூர்த்த நாளில் அவருக்குப் போனைப் பார்க்க நேரமிருக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படி 5: வாட்ஸ்அப்

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். விசாரித்தவர்களுக்கு மாத வாரியாகக் குறிச்சொல் கொடுத்து வைக்கலாம்: ஆவணி, ஐப்பசி, தை என்று.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதன்முதலில் 180 பேருக்கு முகூர்த்த நாள் பட்டியலை அனுப்பிவிட்டு, பதில் வரும் வரும் என்று இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். பெரும்பாலோருக்கு அது போய்ச் சேரவே இல்லை. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போகும். அவர்கள் எண் உங்களிடம் இருந்தால் மட்டும் போதாது. ஆகவே முதல் பேச்சு முடியும்போதே, “என் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், நாள் பட்டியல் அனுப்புகிறேன்” என்று சொல்லி, அவர்கள் சேமிக்கும்வரை போனை வைக்காதீர்கள்.

எப்போது அனுப்புவது? ஆடியிலும் மார்கழியிலும் நமக்கு வேலை இல்லை, ஆனால் வீடுகளில் ஆவணிக்கும் தைக்கும் பேச்சு நடப்பது அப்போதுதான். புரட்டாசியும் பல வீடுகளுக்கு அப்படியே. என் பதிவுகளில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதங்களில் வருகின்றன. வளர்பிறை முகூர்த்த நாளன்று காலையில் எதுவும் போடுவதில்லை. பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் யாரோ ஒருவர் கல்யாணத்தில் பந்திக்கு இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

பின்சேர்க்கை 1

பத்திரிகைப் படத்தைப் பதிவில் போடலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வாசகி சொன்னபிறகுதான் எனக்கே உறைத்தது. பத்திரிகையில் வீட்டு முகவரியும் இருக்கிறது, வீட்டில் ஒருவரும் இருக்கப்போவதில்லை என்கிற நாளும் நேரமும் இருக்கிறது. கல்யாணம் முடிந்தபிறகு, முகவரியையும் போன் எண்ணையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

பின்சேர்க்கை 2

“திரைப்பாடல்கள் என் கணக்கில் தெரியவில்லை” என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் போனில் கோளாறு இல்லை. வணிகக் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் பல பாடல்களைத் தருவதில்லை, உரிமம் தொடர்பான கட்டுப்பாடு அது. பாட்டுக்காகக் கணக்கு வகையை மாற்றிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். தொழிலுக்காகப் போடும் வீடியோவுக்கு அது சரியான வழி என்று எனக்குத் தோன்றவில்லை. மேளக்காரரிடம் சொல்லிவிட்டு, தாலி ஏறும்போது ஒலிக்கிற கெட்டிமேளத்தைப் பதினைந்து விநாடி நீங்களே பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். போனைத் தவிலுக்கு மிக அருகில் பிடிக்காதீர்கள், ஒலி கிழியும். மூன்றாவது வரிசை நாற்காலி சரியான தூரம்.

தட்டுப் பட்டியலின் திருத்திய படத்தை நேற்று ஏற்றியிருக்கிறேன். கண்ணாடி, சீப்பு இரண்டும் இருக்கின்றன. குங்குமச் சிமிழைக் காணோம் என்று அதற்குள் ஒருவர் எழுதிவிட்டார்.